புனோம் சம்பௌவுக்குப் பிற்பகல் இரண்டரைக்குக் கிளம்புங்கள்

கம்போடியாவின் அங்கோர் வாட் பார்க்கப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் சியெம் ரீப்பில் இறங்கி, மூன்று நாள் கோயில் கோயிலாக அலைந்து, கால்வலியோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர் போனால் பட்டம்பாங் என்ற ஊர் வரும். மூன்று நான்கு மணி நேரப் பயணம். அந்த ஊருக்குத் தென்மேற்கே, பைலின் போகும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளி, வயல்வெளிக்கு நடுவே ஒரு சுண்ணாம்புக்கல் குன்று நிற்கிறது. பெயர் புனோம் சம்பௌ. கெமர் மொழியில் புனோம் என்றால் மலை, சம்பௌ என்றால் கப்பல்.

உச்சியில் பௌத்த கோயில்கள். நடுவழியில், 1970-களில் நாட்டைப் பிடித்த தீவிரக் கம்யூனிஸ்டுகளான கெமர் ரூஜ் ஆட்சியில் மனிதர்களைக் கொன்று தள்ளிய குகைகள். அடிவாரத்தில், அந்தி சாயும் நேரத்தில் லட்சக்கணக்கான வௌவால்கள் புறப்படும் இன்னொரு குகை. மூன்றையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். முதல் முறை நானும் விட்டேன். தங்கியிருந்த விடுதியில் ஏற்பாடு செய்த 'மாலைச் சுற்றுலா' நாலரை மணிக்குத்தான் கிளம்பியது. கொலைக் குகைக்குள் எனக்குக் கிடைத்தது ஏழெட்டு நிமிடம். மேலே படிக்கட்டின் தலைப்பில் நின்று ஓட்டுநர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வௌவாலுக்கு நேரமாகிறதாம். அடுத்த முறை வந்தபோது யாரிடமும் சொல்லாமல் நானே வண்டி பிடித்தேன்.

புறப்படுவதற்கு முன்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அரசின் அதிகாரபூர்வத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் கறக்கும் தளங்கள் நிறைய உண்டு. முகவரியின் வாலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் வருகைப் படிவத்தையும் முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். பாங்காக்கிலிருந்து பஸ் பிடித்து எல்லையைக் கடந்து வரலாம் என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். 2025-இல் தாய்லாந்து எல்லையில் மோதல் மூண்டு கடவைகள் மூடப்பட்டன. பட்டம்பாங் மாகாணமே எல்லையை ஒட்டியது. ஆகவே தரைவழியை நம்பித் திட்டம் போட வேண்டாம். கிளம்பும் வாரத்தில் உங்கள் நாட்டுத் தூதரகத்தின் பயண அறிவுரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சில் தொடங்கும் வெயில் ஏப்ரலில் நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததல்ல. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. வயல் பச்சைப் பசேலென்று இருக்கும், குகைப் படிகள் வழுக்கும். ஏப்ரல் நடுவில் போனால் கெமர் புத்தாண்டு. அது நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது. ஊரே விடுமுறையில் இருக்கும், வண்டி கிடைக்காது.

கையில் சிறு நோட்டுகளாக அமெரிக்க டாலரும் கொஞ்சம் ரியலும் இருக்கட்டும். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல் என்று கடைக்காரர்கள் மனக்கணக்குப் போடுவார்கள். ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் தொட மாட்டார்கள், வங்கியில் வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை, பிடிமானமுள்ள செருப்பு அல்லது காலணி, டார்ச் விளக்கு, முகக்கவசம், தொப்பி. தொப்பி எதற்கு என்பது மாலையில் தெரியும்.

வண்டி

பட்டம்பாங்கில் டுக்டுக் எங்கும் கிடைக்கும், செயலியிலும் அழைக்கலாம். போக மட்டும் வண்டி பிடிக்காதீர்கள். வௌவால் பார்த்து முடிகிறபோது இருட்டிவிடும், அங்கே திரும்பு வண்டிக்கு அல்லாட வேண்டியிருக்கும். போய், காத்திருந்து, திரும்பிக் கொண்டுவிடுவது என்று முழுத்தொகை பேசிக்கொண்டு, பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். இரண்டரைக்குக் கிளம்பினால் மூன்று, மூன்றேகாலுக்கு அடிவாரம்.

ஒரே நாளில் மூங்கில் ரயில், 358 படிகள் கொண்ட பனான் கோயில், திராட்சைத் தோட்டம், கடைசியில் இந்தக் குன்று என்று கட்டித் தரும் திட்டங்களை மறுத்துவிடுங்கள். பனான் பார்க்க வேண்டிய கோயில்தான், அதைக் காலையில் பாருங்கள். எலும்புகளுக்கு முன்னால் போய் நிற்கும்போது காலில் தெம்பும் மனதில் இடமும் வேண்டும்.

அடிவாரத்தில்

டிக்கெட் வாங்கும் இடத்தைத் தாண்டியதும் மோட்டார் சைக்கிள்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மேலே போகும் சிமெண்ட் சாலை செங்குத்தானது, டுக்டுக் ஏறாது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகலாம், அல்லது நடக்கலாம். சாலை வழியே நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். படிக்கட்டு வழியும் உண்டு. மூட்டுவலி இருப்பவர்கள் கூச்சப்படாமல் பைக்கில் ஏறிவிடுங்கள். பைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்றுதான்: குகையில் எனக்கு அரை மணி நேரம் வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. விரலைக் காட்டிச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் டார்ச் விளக்கோடு வந்து வழிகாட்டுகிறேன் என்பார்கள். சிரித்துப் பேசுங்கள், காசு கொடுக்காதீர்கள். மாலை நேரக் காசு ருசித்துவிட்டால் பள்ளிக்கூடம் கசந்துவிடும். வழிகாட்டி வேண்டுமென்றால் பெரியவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகாதீர்கள். இந்த மாகாணம் கண்ணிவெடிகளால் மிகவும் அடிபட்டது. பல ஆண்டுகளாக அகற்றுகிறார்கள். ஆனாலும் நடந்து தேய்ந்த பாதையில் மட்டும் கால் வைப்பது கம்போடியாவின் கிராமப்புறங்களில் எங்கும் பழக வேண்டிய ஒழுங்கு.

குகைக்குள்

சாலை நடுவழியில் கிளை பிரியும். உச்சிக்குப் போகாமல் முதலில் குகைப் பக்கம் திரும்புங்கள்.

உள்ளே இறங்குவதற்கு முன் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் நல்லது, அங்கே விளக்கப் பலகைகள் அதிகம் இல்லை. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. நகரங்கள் சில நாள்களில் காலி செய்யப்பட்டன. மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள்கூடக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகப்பட்டார்கள். நகரத்திலிருந்து வந்தவர்களுக்குப் 'புதிய மக்கள்' என்று பெயர். அவர்களுக்குக் கஞ்சியும் குறைவு, உயிருக்கு மதிப்பும் குறைவு. அவர்களில் ஏராளமானோர் பட்டம்பாங் அடங்கிய வடமேற்கு மண்டலத்துக்கு அனுப்பப்பட்டார்கள், காரணம் நெல். கம்போடியாவின் நெற்களஞ்சியம் இதுதான். ஹெக்டேருக்கு 3 டன் விளைவிக்க வேண்டும் என்று 1976-இல் கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் ஆட்சி இலக்கு வைத்தது. இலக்கு எட்டவில்லை என்று மேலிடத்துக்குச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. இல்லாத மகசூலுக்குக் கணக்குக் காட்டி, இருந்த நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நட்டவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னுக்குள் நுழையும் வரை, மூன்று ஆண்டு எட்டு மாதத்தில், 15 லட்சம் முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்.

இந்தக் குன்றின் கோயில் கட்டடங்கள் அப்போது சிறையாயின. பிடித்து வரப்பட்டவர்களைக் குகையின் மேல்வாய் அருகே நிறுத்தினார்கள். தோட்டா வீண் என்று கட்டையால் அடித்துக் கீழே தள்ளினார்கள்.

அந்த மேல்வாய் இன்றும் திறந்தே இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்துக் குடைந்த குகை; ஒரு இடத்தில் கூரையே உட்கார்ந்து ஓட்டையாகிவிட்டது. வேறெந்த மலையிலாவது என்றால் அதை 'இயற்கைச் சாளரம்' என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்வோம். படிகளில் இறங்கி அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டையின் விளிம்பில் கொடிகள் தொங்குகின்றன. பிற்பகல் வெளிச்சம் சாய்வாக இறங்கி எதிர்ப்பாறையில் படுகிறது. விழுந்தவர்கள் வந்த வழியும் அதுதான், வெளிச்சம் வருகிற வழியும் அதுதான்.

இடப்பக்கமோ வலப்பக்கமோ பார்ப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுங்கள். சயனித்திருக்கும் புத்தர் சிலை இருக்கிறது, அது வழிபாட்டு இடம். பக்கத்தில் கண்ணாடி பதித்த பேழையில் மண்டையோடுகளும் எலும்புகளும். முன்பு கம்பி வலைக் கூண்டில் வைத்திருந்தார்களாம். நான் இரண்டாவது முறை போனபோது, பேழைக்கு முன் மணல் நிரப்பிய தகரக் குவளையில் ஊதுவத்திகள் பாதி எரிந்து நின்றன. கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் யாரோ நூறு ரியல் நோட்டு ஒன்றை நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். நூறு ரியலுக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. சின்ன மண்டையோடுகளும் இருக்கின்றன. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

எலும்புகளை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள், எரித்துவிடக் கூடாதா என்று நமக்குத் தோன்றும். கெமர் மக்களுக்கும் எரிப்பதுதான் வழக்கம். எரித்துச் சடங்கு செய்யாத ஆன்மா அமைதி அடையாது என்று நம்புகிறவர்கள் அவர்கள். மன்னர் சிஹானுக் கூட இந்த எலும்புகளைத் தகனம் செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். நடந்ததற்குச் சான்று வேண்டும் என்ற பக்கம்தான் வென்றது. எச்சங்களைப் பாதுகாக்கும்படி 2001-இல் அரசு உத்தரவிட்டது. ஆய்வாளர்கள் நாடெங்கும் ஏறக்குறைய 20,000 புதைகுழிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இந்தக் குகை அவற்றில் ஒரு புள்ளி.

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போனால் புச்சும் பென் வரும். புரட்டாசியில் நாம் மகாளய பட்சம் என்று அனுசரிக்கும் அதே தேய்பிறைப் பதினைந்து நாள்கள். பென் என்பது வேறொன்றும் இல்லை, நம் பிண்டம்தான். விடியும் முன் கோயிலைச் சுற்றிச் சோற்றுருண்டைகளை வைப்பார்கள், வீசுவார்கள். பசியோடு அலைகிற ஆவிகளுக்கு அது. தன் குடும்பத்தார் எந்தக் குழியில் கிடக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் கோயில் கோயிலாகப் போய் உருண்டை வைக்கிறார்கள். சோறில்லாமல் செத்தவர்களுக்குச் சோறு.

குகையில் வெள்ளை உடுத்த பெரியவரோ மூதாட்டியோ உட்கார்ந்திருந்தால், ஊதுவத்தி நீட்டுவார்கள். வாங்கி ஏற்றலாம், மதம் தடையில்லை. சிவப்பு நூலைக் கையில் கட்டி வாழ்த்தினால் காணிக்கையாக ஆயிரம் இரண்டாயிரம் ரியல் வைத்தால் போதும். கைகூப்பி 'ஆர்குன்' என்று சொல்லுங்கள், நன்றி என்று பொருள். கும்பிடுவது நம்மைப் போலவேதான், பிக்குவுக்கு மட்டும் கையைக் கொஞ்சம் உயர்த்திக் கும்பிட வேண்டும். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, கையில் நேராக எதையும் கொடுக்கவும் கூடாது.

படம் எடுக்கத் தடை இல்லை. எலும்புகளோடு சேர்ந்து நின்று முகம் காட்டிப் படம் எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மேலே எழுதினால் கோபம்தான் வரும். குழந்தைகளோடு போகிறவர்கள், ஒருவர் உள்ளே போகும்போது மற்றவர் மேலே கோயில் நிழலில் பிள்ளைகளோடு இருந்து, மாறி மாறிப் பாருங்கள்.

உச்சி

குகையை விட்டு வந்து ஒரு கால்மணி நேரம் எங்கேயாவது சும்மா உட்காருங்கள். பிறகு உச்சிக்கு. கோயில், பொன்னிறத் தூபி, தொலைத்தொடர்புக் கோபுரம், குரங்குகள். குரங்குகள் நம் ஊர் மலைக்கோயில் குரங்குகளின் பங்காளிகள்தான். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் பை அதனுடையது.

பெயர்ப்பலகைகளில் இருக்கும் கெமர் எழுத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது அது. படிக்க வராது, ஆனாலும் ஒரு வளைவு, ஒரு கொக்கி எங்கோ பார்த்த முகம்போல இருக்கும்.

இங்கிருந்து பார்க்கும் காட்சிக்குத்தான் இந்த ஏற்றம். அடிவானம் வரை தட்டையான வயல், நடுநடுவே தனித்தனிக் குன்றுகள். அதற்கொரு கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் இது கடலாம். தன்னைக் கைவிட்டு வேறொருத்தியை மணக்கக் கப்பலேறிய இளவரசன்மீது ஒரு பெண் தன் முதலையை ஏவினாள். அவன் கோழிக்கூண்டையும் வாத்துக்கூண்டையும் தூக்கி எறிந்து முதலைக்குப் போக்குக் காட்டினான். கடைசியில் கடல் வற்றி, கப்பல் இந்தக் குன்றானது, முதலை அதோ அந்தக் குன்றானது, கூண்டுகள்கூட ஆளுக்கொரு குன்றாயின. அந்தப் பெண்ணின் பெயர் ருமசாய் சொக். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அவிழ்த்த கூந்தல்'. கண்ணகியையும் பாஞ்சாலியையும் அறிந்த நமக்கு, கூந்தலை அவிழ்த்தவளிடம் எதிரே நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதை முதலைக்கும் கப்பலுக்கும் நடுவே நின்றுவிடவில்லை. 1979-க்குப் பிறகும் கெமர் ரூஜ் ஒழிந்துபோகவில்லை; மேற்கே பைலின் பக்கம் பின்வாங்கி, 1990-களின் நடுப்பகுதி வரை போரிட்டது. அப்போது இந்தக் குன்று அரசுப் படையின் முன்னரண். முதலைக் குன்று எதிரியிடம். உச்சியருகே இரண்டு பழைய பீரங்கிகளைக் காட்டுவார்கள். குழல் எந்தத் திசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வௌவால்

ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். அடிவாரத்தில் பாறை முகத்தில் செதுக்கிய பிரம்மாண்டமான புத்தர் உருவத்தைத் தாண்டி, சாலையோரமாகக் கடைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வரிசையாக இருக்கும். எல்லா நாற்காலியும் ஒரே பக்கம் பார்த்திருக்கும், திரையரங்கைப் போல. மேலே பாறையில் கரிய வாய் ஒன்று தெரிகிறதல்லவா, அதுதான். ஒரு இளநீரோ கரும்புச்சாறோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் நாற்காலி உங்களுடையது. க்ரலான் கிடைத்தால் விடாதீர்கள். ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் பயறும் மூங்கில் குழாயில் அடைத்துத் தணலில் சுட்டது. மூங்கிலை வாழைப்பழம்போல உரித்துத் தருவார்கள். மற்ற சாப்பாட்டில் மீன் சாறு எங்கேயாவது ஒளிந்திருக்கும். சைவர்கள் 'ஒட் சாச், ஒட் த்ரெய்' என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

முதலில் மூக்குக்குத் தெரியும். எச்சத்தின் காரமான நெடி, முகக்கவசம் அதற்குத்தான். ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில், பருவத்தைப் பொறுத்து, பத்து இருபது வௌவால்கள் வாசலில் வட்டமடிக்கும். பிறகு மதகு திறந்ததுபோல ஒரே கறுப்பு ஓட்டம். அரை மணி நேரத்துக்கு மேல் அறுபடாமல் போகும். மேலிருந்து பொடிப்பொடியாக எச்சம் விழும், தொப்பி அதற்குத்தான். அண்ணாந்து பார்க்கையில் வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

இவை கட்டைவிரல் அளவு உடம்பு கொண்ட பூச்சியுண்ணி வௌவால்கள், பழந்தின்னிகள் அல்ல. இரவு முழுக்க வயல்மேல் பறந்து பூச்சி தின்கின்றன. இதே இனத்தைத் தாய்லாந்தில் ஆராய்ந்தபோது, நெல்லைச் சாறுறிஞ்சிக் கருகவைக்கும் தத்துப்பூச்சிகள் இவற்றின் இரையில் பெரும் பங்கு என்று தெரியவந்தது. புகையான் என்று நாம் சொல்லும் தத்துப்பூச்சி விழுந்து வயல் பொசுங்கிப் பார்த்த டெல்டா விவசாயிக்கு இதன் அருமை தெரியும். குகைத் தரையில் சேரும் எச்சத்தை அள்ளி உரமாக விற்கிறார்கள்.

ஓட்டம் மெலியும்வரை காத்திருக்காதீர்கள். பாதியிலேயே எழுந்து டுக்டுக்கில் ஏறி, நெடுஞ்சாலைக்கு வருமுன் வயலோரமாக இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். குகை வாசலில் கயிறாகத் தெரிந்த கூட்டம், வயலுக்கு மேலே புகைபோல வளைந்து, நெளிந்து, விரிந்து கலைவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். என் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல், முதலைக் குன்றின் பக்கம் கையைக் காட்டினார். கூட்டத்தின் முனை அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நெடுஞ்சாலையில் இரவில் லாரிகள் அதிகம், டுக்டுக்கில் தூசியும் பூச்சியும் முகத்தில் அடிக்கும். கழற்றிய முகக்கவசத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் வந்ததும் பேசிய தொகையோடு இரண்டு டாலர் சேர்த்துக் கொடுங்கள், மூன்று மணி நேரம் உங்களுக்காகக் காத்திருந்தவர் அவர்.